லோடு போனவர்

எருமப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் லாரிக்காரர் வீட்டு வாசலில் நின்று, "அண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, டெல்லி லோடு போயிருக்காருங்க" என்று பதில் வரும். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். லாரியில் என்ன ஏற்றிப் போனார் என்று அவர் கேட்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை. முட்டையோ, ஜவ்வரிசியோ, இரும்புக் குழாயோ, எதுவானாலும் அது டெல்லி லோடுதான். காதுகுத்துக்கு நாள் குறிக்கும்போதும் இதே சொல்தான் வரும்: "இந்த லோடு முடிச்சுட்டு வந்துரட்டும், அப்புறம் வெச்சுக்கலாம்." இங்கே முடிவது சரக்கு இறக்கும் வேலை மட்டும் என்றால் ஆள் டெல்லியில்தான் நிற்பார், காதுகுத்துக்கு உதவாது. ஊர் திரும்பினால்தான் லோடு முடியும். போவது, வழியில் கழியும் நாட்கள், இறக்குவது, திரும்பி வருவது என்று ஒரு முழுப் பயணத்தின் பெயராக அந்தச் சொல் நிற்கிறது.

ஆங்கில அகராதியில் தேடினால் லோடு என்றால் பாரம், பாரம் ஏற்று என்று இருக்கும். பயணம் என்ற பொருள் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. அப்போது அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள் என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் பயணமாகத் தொடங்கிப் பாரமாக முடிந்த சொல், நாமக்கல் லாரித் தொழிலில் பாரமாக வந்து பயணமாகியிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எருமப்பட்டி, நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி. வடக்கே கொல்லிமலை. சுற்றிலும் சின்ன வெங்காயம், மரவள்ளி, நிலக்கடலை, இடையிடையே நீளநீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் பிறக்கும் முன்பே இது லாரி பூமி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் சங்ககிரி முழுக்க லாரிதான். தென்மாநிலங்களில் ஓடும் சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லில்தான் இருக்கிறது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுக்காட்டு ஊர்களில் குடும்பத்துக்கு ஒருவராவது ஸ்டியரிங் பிடித்திருப்பார், இல்லையென்றால் கிளீனராகப் போயிருப்பார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு லாரிச் சொல் என்ன பாடுபடும் என்று பார்ப்பது, ஆங்கில அகராதியைப் புரட்டுவதற்கு எந்த வகையிலும் குறைந்த ஆராய்ச்சி இல்லை.

முதலில் ஆங்கிலக் கதை. பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. வழி, போக்கு, பயணம், கொண்டுபோதல் என்று அதற்குப் பொருள். வழிநடத்து என்னும் பொருளில் இன்றும் வழங்கும் 'லீடு' என்ற வினை இதன் உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியின் 'லைட்டன்' என்ற வினையும் இதே குடும்பம். இதற்குச் சம்பந்தமே இல்லாமல் 'ஹ்லாடன்' என்று வேறொரு வினை இருந்தது. அதற்குத்தான் ஏற்று, குவி என்று பொருள். இந்த வினை பிற்பாடு 'லேடு' என்று தேய்ந்தது. ஒலியில் நெருங்கிய இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் புழங்கினால் ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். கொண்டுபோதல் என்ற பொருளில் இருந்த சொல், சுமார் 13ஆம் நூற்றாண்டு தொடங்கி, கொண்டுபோகும் பொருளையே குறிக்கத் தொடங்கியது. பயணம் பாரமானது. அந்தப் பெயர்ச்சொல்லிலிருந்து 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வினை பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் லோடு ஆனது. கணினி வந்தபின் மென்பொருளும் லோடு ஆகிறது.

பழைய பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. உச்சரிப்பு அதே, எழுத்துக்கூட்டு மட்டும் வேறு என்ற நிலையில் சில கூட்டுச்சொற்களில் ஒளிந்துகொண்டது. துருவ விண்மீனை ஆங்கிலத்தில் 'லோட்ஸ்டார்' என்பார்கள். பார விண்மீன் என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். அது வழிகாட்டும் விண்மீன். காந்தக்கல்லுக்கு 'லோட்ஸ்டோன்' என்று பெயர். மாலுமிக்கு வழி சொன்ன கல் அது. பாறைக்குள் ஓடும் உலோகத் தாதுவின் கீற்றுக்கும் இதே 'லோட்' என்ற பெயர். தாது போகும் வழி. ஆக்ஸ்போர்டு பேரகராதி 1884இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928இல் முடிந்தது. அதில் 'எல்' எழுத்தைத் தொகுத்தவர் ஹென்றி பிராட்லி. அந்த அகராதியின் வேலையே இப்படிச் சிதறிப்போன உறவுகளை நூற்றாண்டு வாரியாகச் சான்று காட்டிச் சேர்த்து வைப்பதுதான்.

லேடு என்ற வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: தண்ணீர் மொள்ளுதல். குழம்பு அள்ளும் அகப்பையை ஆங்கிலத்தில் 'லேடில்' என்பது அதனால்தான். தமிழிலும் வண்டியில் சரக்கை ஏற்றுகிறோம்; கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் கருவிக்கு ஏற்றம் என்று பேர். இரு மொழிக்கும் உறவு கிடையாது. ஆனாலும் கீழே கிடப்பதை மேலே கொண்டுவரும் வேலை இரண்டையும் இரு மொழியும் ஒரே வினையில் அடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஒற்றுமையைக் கண்டதும் தமிழிலிருந்துதான் ஆங்கிலம் பிறந்தது என்று கிளம்பிவிடும் நண்பர்கள் நம்மிடையே நிறைய; அவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை மேற்கோள் காட்ட வேண்டாம்.

இனி தமிழுக்கு வருவோம். ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு. தன்வினைக்கும் பிறவினைக்கும் இவ்வளவு துல்லியமான இணை இருக்கும்போது லோடு என்ற வினை நமக்கு எதற்கு? இந்த வினைகள் வெறும் கூலி வேலைச் சொற்களும் அல்ல. துறைமுகத்தில் நின்று பார்த்தவர்கள் வெளிநாட்டு வணிகத்துக்கே ஏற்றுமதி, இறக்குமதி என்று பேர் வைத்தார்கள். கணினிக்காரர்கள் பதிவேற்றம், பதிவிறக்கம் என்றார்கள். இலங்கையில் தரவேற்றம், தரவிறக்கம் என்பார்கள். இத்தனை வலுவான வினை இருந்தும் லோடு உள்ளே வந்திருக்கிறது என்றால் வெறும் ஆங்கில மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் வினையில் ஏதோ ஓர் இடம் காலியாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலி இடத்தை மொழியியலாளர்கள் வேறொரு வழியாகக் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வினையை இரண்டு விதமாக ஆளலாம். வைக்கோலை வண்டியில் லோடு செய்தான் எனலாம்; வண்டியை வைக்கோலால் லோடு செய்தான் என்றும் சொல்லலாம். ஸ்டீபன் ஆண்டர்சன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1971இல் எழுதிய கட்டுரை, இரண்டும் ஒரே பொருள் தருவன அல்ல என்று காட்டியது. முதல் வாக்கியத்தில் வண்டி பாதி காலியாக இருக்கலாம். இரண்டாவதில் வண்டி நிறைந்துவிட்டது என்ற தொனி இருக்கிறது. மொழியியலாளர் பெத் லெவின் ஆங்கில வினைகளை வகைப்படுத்தி 1993இல் வெளியிட்ட நூலில், இப்படி இரு பக்கமும் திரும்பும் வினைக் கூட்டத்துக்கு 'ஸ்ப்ரே–லோடு' என்றே பெயர் நிலைத்தது.

தமிழில் முட்டையை லாரியில் ஏற்றினார் என்பது சரி. லாரியை முட்டையால் ஏற்றினார் என்றால் யாருக்கும் புரியாது. லாரியை ஏற்றினார் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்: கேட்பவர் போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று தேடுவார். லாரி ஏற்றிக் கொலை என்று நாளிதழில் தலைப்புப் போடுகிறோமே, அந்தப் பொருள்தான் அதற்கு. வண்டியைச் செயப்படுபொருளாக்க ஏற்று என்ற வினை இடம் தராது. நிரப்பு என்ற வினை இருக்கிறது. ஆனால் தொட்டியை நிரப்பலாம், டேங்கை நிரப்பலாம், தார்ப்பாய் கட்டிப் புறப்படத் தயாராக நிற்கும் லாரிக்கு நிரப்பு ஒட்டாது. "வண்டி லோடாயிருச்சு" என்ற மூன்று நொடிப் பேச்சு அந்த வேலையைச் செய்கிறது. சரக்கு முழுக்க ஏறிவிட்டது, இனி இடமில்லை, வண்டி கிளம்பலாம். லோடு வந்து உட்கார்ந்த இடம் இதுதான். இல்லாததைக் கொடுத்தது, இருந்ததை விரட்டவில்லை. எருமப்பட்டியில் இன்றைக்கும் மூட்டையை ஏத்துகிறார்கள், இறக்குகிறார்கள். ஏத்துக்கூலி, இறக்குக்கூலி என்ற சொற்களுக்கு லோடு பக்கத்தில் வரவில்லை.

அடுத்த விஷயம், வினையாக இருந்த சொல் தமிழுக்குள் நுழைந்ததும் பெயராகிவிடுவது. சமஸ்கிருதத்திலிருந்து வினைகளை எடுத்த காலத்தில் தமிழ் அவற்றுக்கு இகரம் ஒட்டித் தன் வினையாகவே ஆக்கிக்கொண்டது. யோசி, தியானி, சேவி, விவாதி என்று எத்தனையோ. யோசிக்கிறான், யோசித்தான், யோசிப்பான் என்று அவை முக்காலத்தையும் தமிழாகவே சுமக்கின்றன. ஆங்கில வினைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. லோடிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. வந்த வினை எதுவானாலும் பெயர்போல் நிற்கவைத்து, பக்கத்தில் ஒரு தமிழ் வினையைத் துணைக்குப் போடுகிறோம். எல்லாவற்றுக்கும் பண்ணு போட்டுவிடுகிறோம் என்று தமிழாசிரியர்கள் நொந்துகொள்வதுண்டு. நகரத்து அலுவலகப் பேச்சுக்கு அது பொருந்தும். லாரி புக்கிங் ஆபீஸில் காது கொடுத்தால் வேறு கதை. இந்த மாதிரிப் பேச்சு அங்கே நாள்தோறும் நடப்பது:

"அண்ணா, லோடு ஏதாச்சும் இருக்குங்களா?"

"நாக்பூருக்கு ஒண்ணு இருக்குது. எடுத்துக்கிறியா?"

"வர்றப்ப லோடு புடிச்சுக் குடுப்பீங்களாண்ணா? எம்டியா வந்தா டீசலுக்கே கட்டாதுங்க."

"அங்க நம்ம ஆளு இருக்கான், போட்டு வுடுவான். சாயந்தரம் ஏத்திரு. பாயைக் கட்டிட்டு ராத்திரியே கெளம்பு."

இந்தப் பேச்சில் பண்ணு ஒன்றுகூட இல்லை. லோடு எடுப்பது என்றால் பொறுப்பை ஏற்பது. எடுத்தபின் வழியில் எது நடந்தாலும் எடுத்தவன் தலையில். லோடு பிடிப்பது தேடி அலைந்து அடைவது, வேலை பிடிப்பது, வாடகைக்கு வீடு பிடிப்பது போல. லோடு போடுவது நடுவில் இருப்பவர் ஏற்பாடு செய்து தருவது, கமிஷன் அதற்குத்தான். லோடு கட்டுவது கயிறும் தார்ப்பாயும் கொண்டு. இன்னொன்று இருக்கிறது, லோடு அடிப்பது. ஒரே இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் இடையில் திரும்பத் திரும்ப ஓடும் டிப்பருக்கும் டிராக்டருக்கும் உரியது அது. "காலையில இருந்து நாலு லோடு அடிச்சுட்டேன்" என்று எருமண் ஓட்டும் டிராக்டர்காரர் சொல்வார். லைன் வண்டி ஓட்டுபவர் டெல்லிக்கு லோடு அடிக்கிறேன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. லோடு போகிறேன் என்பார். ஆங்கிலத்தில் ஒரே வினையாக இருந்ததைத் தமிழ் பிரித்துப் பிரித்து, யார் செய்வது, எந்த நிலையில், எத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. லோடு என்ற சொல் ஆங்கிலம். அதைச் சொல்லும் விதம் முழுக்கத் தமிழ் இலக்கணம்.

ஒலியிலும் அது பாதி தமிழ்தான். பழைய இலக்கணப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் உலோகம், இலாபம் என்று முன்னால் ஓர் உயிரெழுத்தை நிறுத்தினார்கள். லாரிக்கும் லோடுக்கும் அந்த மரியாதையை யாரும் செய்யவில்லை. ஆனால் கடைசியில் ஓர் உகரம் சேர்ந்து, வீடு, காடு, ஆடு வரிசையில் ஓசையால் உட்கார்ந்துவிட்டது. உருபு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வீட்டுக்கு, காட்டுக்கு, ஆட்டுக்கு என்று நம் சொற்கள் டகரம் இரட்டிக்கும். ரோடு என்ற ஆங்கிலச் சொல்லும் ரோட்டுக்கு, ரோட்டோரம் என்று இரட்டித்துக் குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது. லோடு அப்படிச் செய்வதில்லை, "லோடுக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். ரோடு முதலில் வந்து நிலம் வாங்கிவிட்டது, லோடு இன்னும் வாடகைக்குத்தான் இருக்கிறது.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். பாரம் பயணமானது எப்படி? நடுவில் ஒரு படி இருக்கிறது என்று நினைக்கிறேன். சாலையில் ஒதுங்கி நிற்கும் லாரியைக் காட்டி, "முன்னாடி ஒரு லோடு நிக்குது, பாத்துப் போ" என்பார்கள். நிற்பது வண்டி, சொல்வது சரக்கின் பெயரை. பள்ளிக்கூடத்தில் தானியாகுபெயருக்கு எடுத்துக்காட்டாக, பாலை வண்டியில் ஏற்று என்று படித்திருப்போம். ஏற்றுவது பால் உள்ள குடத்தை, சொல்வது பாலை. உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைத் தாங்கும் பாத்திரத்துக்கு ஆகிவந்தது. சரக்கின் பெயர் சரக்கேற்றிய வண்டிக்கு ஆனது முதல் படி. அந்த வண்டியின் பெயர் வண்டி ஓடும் ஓட்டத்துக்கு ஆனது இரண்டாம் படி. டெல்லிக்குப் போகும் சரக்கு, டெல்லிக்குப் போகும் லாரி, டெல்லிக்குப் போய்வரும் போக்குவரத்து என்று மூன்றும் ஒரே சொல்லில் அடுக்கி நிற்கின்றன.

இலக்கணம் வழியைக் காட்டும், போகவைத்தது தொழில். டிரைவருக்குப் பேட்டா நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. என்ன சரக்கு என்பது வாரத்துக்கு வாரம் மாறும், ஓட்டம் மாறாது. எடையைப் பற்றிப் பேச அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது. "எத்தனை டன்னு?" என்றுதான் கேட்பார்கள், எத்தனை லோடு என்று அல்ல. என்ன பொருள் என்று கேட்க சரக்கு இருக்கிறது. எடை டன்னுக்கும் பொருள் சரக்குக்கும் போய்விட்டபின் லோடு என்ற சொல்லுக்கு மிச்சம் இருந்தது ஓட்டம்தான். ஒரு நுட்பம் இதில் உண்டு. புக்கிங் ஆபீஸில் போகிற லோடு வேறு, வருகிற லோடு வேறு, இரண்டுக்கும் வாடகை தனித்தனி. வீட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே லோடு. ஒருவழி லோடு வியாபாரத்தின் அளவு, இருவழி லோடு குடும்பத்தின் அளவு. வாசலில் நின்று காத்திருப்பவர்களின் வாயில்தான் சொல் முழுப் பயணமாக விரிந்திருக்கிறது.

நடைக்கு இவ்வளவு பேட்டா என்று மேலே எழுதினேன். அந்த நடை என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கால்நடையாகப் போவது நடை. குடத்தில் நாலு நடை தண்ணீர் கொண்டுவந்தாள் என்றால் நாலு முறை போய் வந்தாள் என்று பொருள். நாலு நடை எருவு கொட்டியாச்சு என்றால் நாலு வண்டி. போவதைக் குறித்த சொல், போய்க் கொண்டுவரும் பொருளின் அளவாகிவிட்டது. பழைய ஆங்கிலத்தின் லாட் நடந்த அதே பாதை. ஆக, லோடு என்ற சொல் இங்கே வந்து இறங்குவதற்கு முன்பே பயணமும் பாரமும் ஒரே சொல்லில் குடியிருக்கும் பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. லோடு புதிதாக ஒன்றும் செய்யவில்லை. நடை போன பாதையில் எதிர்த்திசையில் வந்தது.

அளவாகப் புழங்குவதிலும் இதே கதை. ஒரு லோடு தண்ணீர், ஒரு லோடு கோழி எரு, ஒரு லோடு ஜல்லி. எவ்வளவு என்று கேட்டால் எந்த வண்டி என்று எதிர்க்கேள்வி வரும். மணல் வியாபாரிகள் இந்தத் தகராறுக்காகத்தான் நூறு கன அடியை ஒரு யூனிட் என்று வகுத்து, லோடை யூனிட்டால் அளந்தார்கள். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் 30 கிலோ ஒரு சிப்பம். முட்டைக்கு 30 ஓர் அட்டை. ஒரு முட்டை ஐம்பது கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து டன் ஏற்றிய வண்டியிலேயே முட்டை லட்சத்தை நெருங்கிவிடும். ஆனால் ஒரு லோடு முட்டை என்றால் இத்தனை என்று சட்டம் இல்லை. இங்கிலாந்தில் இதற்கும் சட்டம் போட்டிருந்தார்கள்: பழைய உலர்புல் ஒரு லோடு என்றால் 56 பவுண்டு எடையுள்ள 36 கட்டு. நம்மூரில் முன்பு வண்டி என்ற சொல் செய்த வேலையை லோடு எடுத்துக்கொண்டது. ஒரு வண்டி குப்பை இன்று ஒரு லோடு குப்பை. மாட்டு வண்டி போனதோடு அந்த அளவுப் பெயரும் போனது. இதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

பாரவண்டி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சங்க காலத்தில் உப்பு வணிகரான உமணர் வண்டி வண்டியாகக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்புக் கொண்டுவந்தார்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு அவர்கள் வண்டியைத்தான் துணைக்கு அழைக்கிறார். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சேம அச்சுப் போன்றவன் அவன். அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. நாமக்கல் லாரிக்கு அடியில் இன்றும் ஒன்று கட்டியிருக்கிறது, பேர்தான் ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் லனெல்லி நகரத்தின் ஸ்டெப்னி வீதியில் 1904இல் தொடங்கிய உபரிச் சக்கரத் தொழிலிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பெயரை இன்று அந்த நாட்டார் மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை. பிறமொழிச் சொல் பிறந்த வீட்டில் இறந்து புகுந்த வீட்டில் வாழ்வது லோடின் பழம்பொருளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

சட்டத்தின் அகராதியில் லோடு என்றால் எடை, எடை மட்டும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எடை வரம்பைச் சொல்கிறது. 194ஆம் பிரிவு தண்டத்தைச் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர் லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகச் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரருடையது. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 ஜூலையில், அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. இந்த 2.3 டன் இடைவெளிக்குள் எத்தனை சிறு உரிமையாளர்களின் தவணைக் கணக்கு மாறியது என்பது தனிக் கட்டுரை. இங்கே கவனிக்க வேண்டியது, சாலையில் நிற்கும் அதிகாரியும் ஸ்டியரிங்கில் இருக்கும் டிரைவரும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் சொல்கிறார்கள். "என்ன லோடு?" என்று அதிகாரி கேட்பது டன்னை. டிரைவர் சொல்லும் பதில், "நாக்பூர் லோடு சார்."

சுமப்பவர்களின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. லோடுமேன் என்கிறோம். ஆங்கிலேயர் இந்த இடத்தில் லோடர் என்பார்கள். ஆளைக் குறிக்க மேன் சேர்த்துக்கொண்டது நாம். பன்மையில் லோடுமேன்கள். சங்கப் பலகைகளிலும் அரசாணைகளிலும் சுமைப்பணித் தொழிலாளர் என்று இருக்கும். 1982இல் தமிழ்நாடு அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்றியது. மூட்டை தூக்குகிறவரிடம் கேட்டால், சங்கத்துப் பெயரைப் பெருமையோடு சொல்வார். வேலைக்குக் கூப்பிடும்போது லோடுமேன்தான் வரும். தலையில் வைக்கும் துணிச் சுருளுக்கு மட்டும் ஆங்கிலம் வரவேயில்லை, அது இன்றும் சும்மாடு. உடம்பை ஒட்டிய சொற்கள் கடைசி வரை மாறுவதில்லை போலும்.

தமிழ் பேசும் மற்ற இடங்களில் இந்தச் சொல்லுக்கு இந்த விரிவு வாய்க்கவில்லை. இலங்கை நாளிதழ்களில் லாரிக்குப் பாரவூர்தி என்று பேர். சுமப்பதற்கு அங்கே காவு என்ற பழைய வினை பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது, நோயைக் கொண்டுபோகும் கொசுவுக்கு நோய்க்காவி என்ற அறிவியல் சொல்லும் அதிலிருந்து வந்தது. சென்னையில் லோடு என்றால் மணலும் தண்ணீரும் மின்சாரமும். பயணம் என்ற பொருள், லாரி ஓட்டுபவர்களும் அவர்களுக்காகக் காத்திருப்பவர்களும் நிறைந்த ஊர்களில்தான் பிறந்திருக்க முடியும்.

இச்சொற்களைத் தொகுக்க முன்மாதிரி இல்லாமல் இல்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்ததைப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். அவருடைய கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. இவை வட்டாரத்தை அளவாகக் கொண்டவை. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிலை அளவாகக் கொண்டார். ஆந்திர மாவட்டங்கள் முழுக்க ஆளனுப்பி உழவுத் தொழிற்சொற்களைத் திரட்டி 1962இல் முதல் தொகுதியை வெளியிட்டார். பின்னர் நெசவு முதலான தொழில்களும் வந்தன. தமிழில் லாரித் தொழிலுக்கு அப்படி ஒரு தொகுதி வேண்டும். இதற்கு நாமக்கல்லைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. லோடு பிடிக்கும் வேலை கைப்பேசிச் செயலிகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய தலைமுறை ஓய்வு பெறுகிறது. நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் தமிழ் படிக்கும் மாணவர்களில் பலர் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் முதலில் தங்கள் அப்பாவிடமும் மாமாவிடமும் உட்கார்ந்து, அவர்கள் வண்டியைப் பற்றிப் பேசும் சொற்களை, எந்த வினையோடு எது சேர்கிறது என்பது உட்பட, எழுதி வைக்கத் தொடங்கலாம். அப்பா லோடு போயிருந்தால், திரும்பி வரும்வரை மற்ற சொற்களை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் நிறையத் தெரியும்.